மாட்டுக்கறியின் மீத்தேன் கணக்கு கன்றின் முதல் ஆறு மணி நேரத்தில் தொடங்குகிறது

மாட்டிறைச்சி பூமியைச் சூடாக்குகிறது என்று ஒரு செய்தி வருகிறது. சாலையில் திரிந்த மாடுகளுக்கு மாநகராட்சி அபராதம் போட்டதாக இன்னொரு செய்தி வருகிறது. இரண்டையும் படிக்கும் சென்னைவாசிக்கு ஒரு சந்தேகம் எழுவது நியாயமே. முதல் செய்தியில் வரும் மாடும் நம் தெருமுனையில் நிற்கும் மாடும் ஒன்றுதானா? வெளிநாட்டுக் கறிமாட்டுப் பண்ணைகள், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைக் குறைப்பது பற்றிப் பேசும்போது கன்றின் உடல்நலத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகின்றன? மீத்தேனை ஏப்பமாக விடுவது வளர்ந்த மாடு. பால் குடிக்கும் கன்றுக்கு அதில் என்ன பங்கு?

பங்கு பெரியது. அது எப்படி என்று புரிய முதலில் நம் ஊர் மாட்டுக்கறி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

கறிமாடு என்று இங்கே தனியாக ஒன்று இல்லை

அமெரிக்கா, பிரேசில், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் கறிக்கென்றே ஆங்கஸ், ஹியர்ஃபோர்டு, நெல்லூர் போன்ற இனங்களை வளர்க்கிறார்கள். அங்கே தாய்ப்பசுவைப் பெரும்பாலும் யாரும் கறப்பதில்லை. கன்று ஆறேழு மாதம் தாயோடு நின்று முழுப் பாலையும் குடிக்கிறது.

இங்கே நிலைமை வேறு. பெரியமேட்டிலோ புதுப்பேட்டையிலோ தட்டில் வரும் பீஃப் பிரியாணியின் பின்னால் கறிக்கென்று தொடங்கப்பட்ட பண்ணை எதுவும் இல்லை. பால் வற்றிய எருமை, உழைத்து ஓய்ந்த காளை, சினை பிடிக்காமல் போன கறவை, இவைதான் நம் ஊர் மாட்டுக்கறி. இந்தியா ஏற்றுமதி செய்யும் மாட்டிறைச்சியும் எருமை இறைச்சிதான். பசு, காளை, கன்று இவற்றின் இறைச்சியை ஏற்றுமதி செய்ய அனுமதி இல்லை. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைக் கடந்து, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாத மாடு என்றோ, காயத்தாலோ நோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாடு என்றோ சான்று இருந்தால்தான் வெட்டலாம். கன்றும் எருமையும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன.

ஆக, பாலும் கறியும் ஒரே மந்தையிலிருந்து வருகின்றன. பெரியமேட்டுத் தோல் மண்டிகளும் ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஆலைகளும் அதே மந்தையைத்தான் நம்பியிருக்கின்றன. உண்ணிக் கடியும் தோல் கழலை நோயின் தழும்பும் ஒரு தோலின் விலையைக் குறைத்துவிடும். கன்றுப் பருவத்தில் விழுந்த குறை தோல் வரைக்கும் பின்தொடர்ந்து வரும்.

2019-ஆம் ஆண்டின் 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகள் இருக்கின்றன. எருமைகளோ சுமார் 5 லட்சம்தான், அதுவும் குறைந்துகொண்டே வருகின்றன. மேற்கத்திய கறிமாட்டுப் புள்ளிவிவரத்தை அப்படியே எடுத்து இந்த மந்தையின் மேல் போட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

மீத்தேன்: தலைக்கு எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு

மாட்டின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் நொதிக்க வைக்கின்றன. அப்போது உருவாகும் ஹைட்ரஜனைச் சில நுண்ணுயிர்கள் மீத்தேனாக மாற்றுகின்றன. அது ஏப்பமாக வெளியே வருகிறது. மாட்டுக்கும் இதில் நட்டம்தான். தின்ற தீவனத்தின் ஆற்றலில் சுமார் 6 சதவீதம் இப்படிக் காற்றோடு போகிறது. மீத்தேன் வளிமண்டலத்தில் 12 ஆண்டுகள் அளவுக்கே தங்கும்; ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

இங்கேதான் செய்திகளில் பெரும்பாலும் விட்டுப்போகிற ஒரு விஷயம் இருக்கிறது. மீத்தேனை இரண்டு விதமாகக் கணக்கிடலாம்: ஒரு மாடு ஆண்டுக்கு எவ்வளவு விடுகிறது என்பது ஒரு விதம், ஒரு கிலோ பாலுக்கோ கறிக்கோ எவ்வளவு என்பது இன்னொரு விதம். பருவநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுக் குழுவின் 2006 வழிகாட்டி தரும் பொதுவான மதிப்பைப் பாருங்கள். வட அமெரிக்கக் கறவை மாடு ஆண்டுக்கு 128 கிலோ மீத்தேன் விடுகிறது, 8,400 கிலோ பால் தருகிறது. இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாடு 58 கிலோ விடுகிறது, 900 கிலோ பால் தருகிறது. தலைக்கு என்று பார்த்தால் நம் மாடு பாதிக்கும் குறைவு. ஒரு கிலோ பாலுக்கு என்று வகுத்தால் அங்கே 15 கிராம், இங்கே 64 கிராம். நான்கு மடங்குக்கு மேல். கலப்பினங்கள் பெருகிய தமிழ்நாட்டில் இந்த இடைவெளி இவ்வளவு இருக்காது. ஆனால் திசை இதுதான்.

இந்த இடைவெளி ஏன்? பால் கொடுக்காமல், சினை பிடிக்காமல், வெறுமனே தின்று ஏப்பம் விடும் நாட்கள் நம் மாட்டின் வாழ்நாளில் அதிகம். அந்த நாட்களைக் கூட்டுவதில் கன்றுப் பருவத்துக்கு இரண்டு வழிகளில் பங்கு உண்டு.

1. தாமதமாக வளரும் கிடாரி. கிடாரி பருவத்துக்கு வருவதை வயதைவிட எடைதான் தீர்மானிக்கிறது. வளர்ந்த மாட்டின் எடையில் 60 சதவீதத்தை எட்டியதும் சினை ஊசி போடலாம். கன்றாக இருந்தபோது கழிச்சலிலும் புழுவிலும் நொந்துபோன கிடாரி அந்த எடையை எட்டப் பல மாதங்கள் கூடுதலாகும். 30 மாதத்தில் ஈன வேண்டியது 40 மாதத்தில் ஈன்றால், அதே வழிகாட்டி கறவாத மாட்டுக்குத் தரும் ஆண்டுக்கு 27 கிலோ என்ற மதிப்பின்படி, 10 மாதத்துக்கு 22.5 கிலோ மீத்தேன் வீண். 28-ஆல் பெருக்கினால் 630 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரே ஒரு கிடாரிக்கு இவ்வளவு.

2. இறந்த கன்று. மந்தையில் வயதான 100 கறவைகளுக்குப் பதிலாக 100 கிடாரிகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாதி ஆண், பாதி பெண் என்பதால் 200 கன்று பிறந்தாக வேண்டும். கன்றுச் சாவு 5 சதவீதம் என்றால் சுமார் 211 ஈற்று போதும். 25 சதவீதம் என்றால் 267 ஈற்று வேண்டும். அந்தக் கூடுதல் 56 ஈற்றுக்கு 56 மாடுகளை ஓர் ஆண்டு வைத்துத் தீனி போட வேண்டும். 3,248 கிலோ மீத்தேன், அதாவது சுமார் 91 டன் கரியமில வாயுவுக்கு ஈடு. அந்த மாடுகளும் பால் கொடுக்கும் என்பதால் முழுவதையும் வீண் என்று எழுதிவிட முடியாது. ஆனால் தீவனத்துக்கே தட்டுப்பாடு உள்ள ஊரில் தேவைக்கு மேல் மாடு வைத்திருப்பது சுற்றுச்சூழலுக்கும் பாரம், வளர்ப்பவருக்கும் பாரம்.

பால் மட்டும் குடிக்கும் கன்று மீத்தேன் விடுவதே இல்லை எனலாம். அதன் முதல் இரைப்பை இன்னும் வேலை தொடங்கவில்லை. அதனால்தான் கன்று கணக்கில் விட்டுப்போகிறது. அதன் கணக்கை எழுத வேண்டிய இடம் தாயின் பக்கம்.

சீம்பால்: ஆறு மணி நேர வாய்ப்பு

கன்றுகள் அதிகம் இறப்பது முதல் மாதத்தில். அந்தச் சாவுகளில் பெரும்பகுதிக்கு விதை விழுவது முதல் நாளிலேயே.

மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் புரதம் தாயின் வயிற்றிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடுகிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு அதற்கு வழிவிடாது. கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. அது முழுவதும் சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். பிறந்தவுடன் கன்றின் குடல் அந்தப் பெரிய புரதங்களைச் செரிக்காமல் அப்படியே ரத்தத்துக்குள் விடுகிறது. மணிக்கு மணி அந்த வழி சுருங்குகிறது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வேகமாகக் குறைந்து, 24 மணி நேரத்தில் மூடியே போகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது சத்துள்ள உணவு, அவ்வளவுதான்.

இதற்குக் குறுக்கே நிற்பது ஒரு பழைய பழக்கம்: நஞ்சு விழுந்த பிறகுதான் மடியில் கை வைக்க வேண்டும் என்பது. நஞ்சுக்கொடி விழப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை கன்றைக் கட்டி வைத்தால் அதற்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு கையைவிட்டுப் போய்விடும். உண்மையில் கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது தாயின் உடலில் ஆக்சிடோசின் சுரக்கிறது. அது பாலை மட்டும் இறக்குவதில்லை, கருப்பையையும் சுருங்க வைத்து நஞ்சு விழவும் உதவுகிறது. நஞ்சு விழ வேண்டும் என்று கவலைப்படுபவர்தான் முதலில் கன்றை மடிக்கு விட வேண்டும்.

எவ்வளவு, எப்போது, எப்படி:

1. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். பாதியை முதல் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், மீதியை 12 மணி நேரத்துக்குள்ளும் கொடுக்க வேண்டும்.

2. முதல் கறவைப் பால்தான் கெட்டியானது. இரண்டாவது, மூன்றாவது கறவைகளில் எதிர்ப்புப் புரதம் சட்டென்று இறங்கிவிடும். பெரும்பாலான கலப்பினப் பசுக்கள் கன்றுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே சீம்பால் கொடுக்கும். வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து, ஏலக்காய் போட்டு அவித்துச் சாப்பிடுவதில் தவறே இல்லை. கன்று குடித்து முடித்த பிறகு கொடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

3. தரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். பழச்சாறிலும் கரும்புச் சாறிலும் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மானி இதற்கும் உதவும். ஒரு சொட்டு விட்டுப் பார்த்து 22-க்கு மேல் காட்டினால் நல்ல சீம்பால்.

4. எழுந்து நிற்க முடியாத கன்றுக்கு நிப்பிள் புட்டியில் கொடுக்கலாம். மூங்கில் குழாயால் வாயில் ஊற்றுவது ஆபத்து. பால் நுரையீரலுக்குள் போனால் அடுத்த நாலைந்து நாளில் நிமோனியா.

தொப்புள்கொடியையும் மறக்கக் கூடாது. சுத்தமான நூலால் உடம்பிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிக் கட்டி, அதற்குக் கீழே வெட்டி, டிங்சர் அயோடினில் தோய்க்க வேண்டும். இது செய்யாமல் விட்ட கன்று இரண்டாம் வாரத்தில் முட்டி வீங்கி நொண்டும். கிருமி தொப்புள் வழியாக மூட்டுக்குப் போயிருக்கும்.

கழிச்சல் வந்தால்

முதல் நாலு நாளில் வரும் வெள்ளைக் கழிச்சலுக்குப் பெரும்பாலும் ஈ.கோலை கிருமி காரணம். அதற்கடுத்த இரண்டு வாரங்களில் ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ் வகை, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. மூன்று வாரத்துக்குப் பிறகு ரத்தக் கழிச்சல் என்றால் காக்சிடியா என்ற இன்னொரு ஒட்டுண்ணி. எருமைக் கன்றுக்குக் கூடுதலாக ஓர் எதிரி உண்டு. தாயின் பால் வழியாகவே வரும் பெரிய உருளைப்புழு. களிமண் நிறத்தில் நாற்றத்தோடு கழியும். அதனால்தான் எருமைக் கன்றுக்கு பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் முதல் குடற்புழு மருந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள்.

கிருமி எதுவானாலும், கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீர் இழப்பும் உப்பு இழப்பும்தான். பார்க்கத் தெரிந்தால் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். இரண்டு வினாடிக்கு மேல் மடிப்பாகவே நின்றால் நீர் குறைந்திருக்கிறது. கண்விழிக்கும் கீழ் இமைக்கும் நடுவே பள்ளம் தெரிந்தால் இன்னும் மோசம். வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து, விரலைக் கன்று இழுத்துச் சப்பினால், உப்புச்சர்க்கரைக் கரைசல் வாய்வழியாகக் கொடுத்தே தேற்றலாம். வாய் குளிர்ந்து, சப்பும் தெம்பில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. நரம்பு வழியாக மருந்துநீர் ஏற்ற மருத்துவர் வர வேண்டும். சென்னையில் இரவு நேரத்திலும் அதற்கு வழி இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் வேப்பேரியில், நகரின் நடுவிலேயே இருக்கின்றன.

கழிச்சல் வந்ததும் பாலை நிறுத்துவது நல்லெண்ணத்தில் செய்யும் பெரிய தவறு. கன்றின் உடம்பில் சேமிப்பு ஏதும் இல்லை. பாலைச் சின்னச் சின்ன அளவாகப் பிரித்துக் கொடுத்து, இடையிடையே கரைசலைக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் ஆன்டிபயாடிக். வைரஸுக்கும் கிரிப்டோஸ்போரிடியத்துக்கும் அது வேலை செய்யாது. இருந்தும் கழிச்சல் என்றதும் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது பரவலாக நடக்கிறது. இப்படிக் கண்டபடி பயன்படுத்திய மருந்துக்குக் கிருமிகள் பழகிவிட்டால் மனிதருக்கும் அது பயன்படாமல் போகும். இந்த அச்சத்தால்தான் மருத்துவமனைகளில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதை மத்திய அரசு 2019-இல் தடை செய்தது. சீம்பால் சரியாகக் குடித்த கன்றுக்கு மருந்து தேவைப்படுவதே குறைவு.

சென்னையின் தனிச் சிக்கல்கள்

வெயிலை மட்டும் பார்த்தால் வேலூர் இன்னும் சூடு. சென்னையின் தொல்லை வெயிலோடு சேரும் கடற்காற்றின் ஈரப்பதம். மாடு மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் தவிக்கிறது. பால் வற்றி, ஈற்றுக்குக் காத்திருக்கும் மாடு பால் தராததால் அதைக் கடைசி மூலையில், தகரக் கூரைக்கடியில் கட்டுவது வழக்கம். ஆனால் கடைசி இரண்டு மாதத்தில்தான் வயிற்றுக் கன்று அதிகம் வளர்கிறது. அப்போது வெப்பத்தில் வாடிய தாயின் கன்று எடை குறைந்து பிறக்கும் என்றும், அது சீம்பாலிலிருந்து எதிர்ப்புப் புரதத்தைக் குறைவாகவே உறிஞ்சும் என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கத்திரி வெயிலில் மின்விசிறியும் நீர்த்தெளிப்பும் முதலில் போக வேண்டிய இடம் அந்த மூலைதான்.

தீவனம் இன்னொரு சிக்கல். நகரத்தில் மேய்ச்சல் நிலம் இல்லை. கோயம்பேட்டில் மிஞ்சும் முட்டைக்கோஸ் இலையும் கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சோறும்தான் பல மாடுகளின் உணவு. சோறு அதிகமானால் இரைப்பையில் அமிலம் ஏறி, பெரிய மாடே விழுந்துவிடும், கன்று தாங்காது. கன்றுக்கு இரண்டாம் வாரத்திலிருந்து கைப்பிடி அளவு கன்றுத் தீவனம் வைத்துப் பழக்க வேண்டும். தானியம் நொதித்து உண்டாகும் அமிலங்கள்தான் இரைப்பையின் உட்சுவரை வளர்க்கின்றன. வெறும் வைக்கோலைப் போட்டு வளர்த்தால் வயிறு பானையாகும், கன்று வளராது. தண்ணீரும் முதல் வாரத்திலிருந்தே தனியாக வைக்க வேண்டும். குடிக்கும் பால் முதல் இரைப்பைக்குள் போகாமல் நேராக நான்காம் இரைப்பைக்குப் போய்விடும். நுண்ணுயிர் வளரத் தேவையான ஈரத்தைத் தண்ணீர்தான் கொடுக்கும். பால் குடிக்கிற கன்றுக்குத் தண்ணீர் எதற்கு என்று விட்டுவிடுவது நிறைய இடங்களில் நடக்கிறது.

ஆண் கன்றின் கதி

இதைத் தொடாமல் கன்று நலம் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

கன்றுக்கு மூன்று மாதத்துக்கு 200 லிட்டர் பால் என்று வைத்து, லிட்டர் 40 ரூபாய் எனப் போட்டால் 8,000 ரூபாய். கிடாரி என்றால் அது முதலீடு. ஜெர்சி கலப்பு ஆண் கன்று என்றால் திரும்பி வராத பணம். காங்கேயம், உம்பளச்சேரி, புலிக்குளம் காளைக் கன்றுகளுக்கு உழவும் வண்டியும் ஜல்லிக்கட்டும் ஒரு மதிப்பைக் கொடுக்கின்றன. திமிலில்லாத, வெயில் தாங்காத கலப்பினக் காளைக்கு அந்த வழியும் இல்லை. எனவே ஆண் கன்றுக்குப் பால் குறைகிறது. சில வாரங்களில் அது இறந்துபோகிறது, அல்லது கயிறு அவிழ்க்கப்பட்டுத் தெருவுக்கு வருகிறது. மத்திய அரசு 11-வது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் எருமைக் கடாக் கன்றுகளைக் காப்பாற்றி வளர்ப்பதற்கென்றே ஒரு திட்டம் கொண்டுவரும் அளவுக்கு இது பெரிய இழப்பு.

கன்று இறந்ததும் தாய் பாலை அடக்கிக்கொள்ளும். அதைச் சமாளிக்க ஒரு காலத்தில் இந்த நகரத்துப் பால்காரர்கள் கன்றின் தோலில் வைக்கோலை அடைத்துத் தாயின் முன் வைத்தார்கள். பிறகு ஊசி வந்தது. பால் சுரப்புக்காகக் கறவை மாட்டுக்கு ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உயிரோடு ஒரு கன்று பக்கத்தில் நின்றால் இந்த இரண்டுக்கும் தேவையே வராது.

பாலினம் பிரித்த விந்து இதற்கு ஓரளவு விடை. இதைப் பயன்படுத்தினால் சுமார் 90 சதவீதம் கிடாரிக் கன்றே பிறக்கும். இதைத் தயாரிக்கும் வசதி உதகமண்டலத்திலேயே இருக்கிறது. சாதாரண விந்தைவிடச் சினை பிடிப்பது கொஞ்சம் குறைவு. ஆரோக்கியமான கிடாரிகளில் பலன் நன்றாக வரும். கன்றுப் பருவத்தில் நன்றாக வளராத கிடாரிக்கு இதைப் போட்டால் பணம்தான் வீண்.

மீத்தேன் குறைக்கும் பொடிகள்

ஏப்பத்தைக் குறைக்கும் தீவனச் சேர்க்கைகள் செய்தியில் அடிக்கடி வருகின்றன. 3-என்ஓபி என்ற வேதிப்பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022-இலும் அமெரிக்கா 2024-இலும் அனுமதி கொடுத்தன. கறவை மாட்டில் சுமார் 30 சதவீதம் மீத்தேன் குறைகிறது. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் தாவரங்களில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளைக் கொண்டு ஹரித் தாரா என்ற ஒன்றை உருவாக்கியிருக்கிறது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் இவற்றைத் தினமும் தீவனத்தில் அளந்து கலக்க வேண்டும், தினமும் செலவு. இரண்டு மாடு வைத்துத் தெருவோரத்தில் பிழைப்பவருக்கு அதிலிருந்து கையில் வருவது ஒன்றுமில்லை. கன்று பிழைத்தால், ஆறு மாதம் முன்னதாகக் கிடாரி ஈன்றால், பணம் நேராக அவர் வீட்டுக்கு வருகிறது. எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாநகராட்சிக் கொட்டகைகளில் என்ன செய்யலாம்

மாடுகளைத் தெருவிலிருந்து எடுக்க மாநகராட்சி கொட்டகைகள் கட்டி வருகிறது. இதுவரை சிதறிக் கிடந்த மாடுகள் ஓரிடத்தில் சேரும்போது கன்றுகளுக்கு ஓர் ஆபத்தும் ஒரு வாய்ப்பும் சேர்ந்தே வருகின்றன. ஒரு கன்றின் கழிச்சல் ஒரே வாரத்தில் எல்லாக் கன்றுக்கும் பரவும். எனவே, கன்றுகளுக்கு ஈரமில்லாத தனி அறை வேண்டும். கழிச்சல் உள்ளதைத் தள்ளிக் கட்ட இடம் வேண்டும். நலமான கன்றுக்கு முதலில் பால் ஊட்டி, நோயுற்றதற்குக் கடைசியில் ஊட்டும் ஒழுங்கு வேண்டும். நான்கு மாதம் முடிந்ததும் கோமாரித் தடுப்பூசி, கிடாரிக்கு நாலிலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரே ஒரு முறை கருச்சிதைவு நோய் (புரூசெல்லோசிஸ்) தடுப்பூசி. இரண்டையும் அங்கேயே வைத்துப் போட்டுவிடலாம். வீடுவீடாகத் தேடி அலைய வேண்டியதில்லை.

வாய்ப்பு என்றது இது: கொட்டகைக்கு ஓர் உறைபெட்டி. நிறையச் சீம்பால் கறக்கும் மாட்டிடமிருந்து, கன்று குடித்தது போக மிஞ்சுவதில் முதல் கறவைப் பாலை, பிரிக்ஸ் மானியில் 22-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு லிட்டர் பைகளில் தேதி எழுதி உறைய வைக்கலாம். கழித்தல் 20 டிகிரியில் ஓராண்டு வரை கெடாது. மடிநோய் உள்ள மாட்டின் பாலும், கருச்சிதைவு நோய்க்குச் சோதிக்காத மாட்டின் பாலும் அதில் சேரக் கூடாது. ஈற்றிலேயே தாய் இறந்த கன்றுக்கோ, முதல் ஈற்றில் சீம்பால் போதாத கிடாரியின் கன்றுக்கோ அந்தப் பையை எடுத்து, 50 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் வைத்து இளக்கி, உடம்புச் சூட்டில் ஊட்ட வேண்டும். அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் எதிர்ப்புப் புரதம் திரிந்துபோய், வெறும் பாலாகிவிடும்.